விளங்காத ஒப்ஷனும் வள்ளத்து வரிசையும்

மவுண்ட் ஒப்ஷன் வாசிக்கிற புரோகிராம் எழுதுவது வாசலில் ஆள் நிறுத்துகிற வேலை. வருகிறவன் சொன்னது விளங்கினால் உங்களை ஒருத்தரும் நினைக்கமாட்டார்கள். விளங்காவிட்டால் உங்களைத் தவிர வேறொருத்தரையும் நினைக்கமாட்டார்கள். இந்தச் சீவியத்தை அனுபவித்த சக துன்பசாலிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அனுபவிக்காதவர்களும் வாசிக்கலாம், தடையில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறையில் கடலோரமாய் பைபர் வள்ளம் கட்டுகிற ஒரு தொழிற்சாலை. பேர் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பாவித்துக் கழித்த கொம்பியூட்டர், உதவி என்ற பேரில் எங்களுக்கு வந்து இறங்கியது. அலுமாரி அளவில் இருந்தது. அதன் உள்வீடான கேர்னல் முழுவதையும் காந்த நாடாவில் எழுதி அனுப்பியிருந்தார்கள், டிஸ்க் டிரைவ் மட்டும் வேறு கொம்பனி. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. ஆகவே டிஸ்கில் உள்ள பைல்களைக் கேர்னலுக்குக் காட்டிக்கொடுக்கிற பகுதியை, அதாவது பைல் சிஸ்டம் டிரைவரை, நான் திருத்தி எழுதவேண்டி வந்தது. நான் சரவணையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போன ஆள். கணிதம் படித்த ஒரே குற்றத்துக்காகப் பிடிபட்டவன்.

அந்தக் காலத்து டிஸ்க் இடியப்பத் தட்டு அடுக்கினதுபோல ஒரு கனத்த சாமான். இரண்டு கையாலும் தூக்கி டிரைவுக்குள் வைத்து மூடவேண்டும். வைத்தால் மட்டும் போதாது, ‘இந்த டிஸ்கை ஏற்று’ என்று தட்டவும் வேண்டும். அதுதான் மவுண்ட். ஏற்றும்போது ‘எழுத விடாதே’, ‘எழுத விடு’, ‘இவ்வளவு நேரம் பொறு’ என்று நிபந்தனைகளையும் வரிசையாகச் சொல்லலாம். அவைதான் ஒப்ஷன்கள். ஒவ்வொரு சொல்லாய்ப் பிரித்தெடுத்து அதன்படி நடப்பது நான் எழுதின துண்டின் வேலை.

பேர் உள்ளே இருக்கிறதா

டிஸ்கில் எத்தனையோ இருந்தன. ஊருக்கு முக்கியமானது ஒன்றுதான், வள்ள வரிசை. தொழிற்சாலை மாதத்துக்கு ஒரு வள்ளம் கட்டும். கேட்டிருந்தவர்களோ ஊர்காவற்றுறை, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று அறுபத்துமூன்று பேர். பதிந்த முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கமும், இலக்கம் போட்ட ஒரு கடதாசி மட்டையும். கொம்பியூட்டர் வந்த சந்தோசத்தில் எங்கள் மனேச்சர் பேர் பதிந்த பழைய இடாப்பைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார். ஆகவே முழு வரிசையும் அந்த இடியப்பத் தட்டில்தான் இருந்தது. பிரதி ஒன்று எடுத்து வைத்திருந்தோம். அது உப்புக்காற்றுப் பட்டு, வாசிக்க ஏலாமல் போய்விட்டது.

வரிசையில் நாலாவது ஆள் ஊர்காவற்றுறைச் சூசைப்பிள்ளை. வாடைக்காற்றில் அவருடைய வள்ளம் புரண்டு துண்டு துண்டாய்ப் போனது. மனிசன் நீந்திக் கரைக்கு வந்துவிட்டார், மட்டை வரவில்லை. அன்று தொடக்கம் பல வள்ளம் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் கூலிக்குப் போய்வந்தார். சொந்த வள்ளத்தின் முன்தலையில், அணியத்தில், நின்றவருக்கு அது பெரிய அவமானம். கூலிக்குப் போகிற நாட்களில் எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். போகாத நாட்களில் யன்னலடியில் வந்து நிற்பார். கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். “தம்பி, நான் உம்மட வேலையைக் குழப்பேல்லை. என்ர பேர் உள்ளுக்கை இருக்கோ எண்டு மட்டும் ஒருக்காப் பாத்துச் சொல்லும்.”

இரண்டு எசமான்

டிஸ்கை ஏற்றுகிற பொறுப்பு ரைப்பிஸ்ற் புஷ்பம் அக்காவுடையது. அரசாங்கக் கச்சேரியில் பதினெட்டு வருசம் உத்தியோகக் கடிதம் அடித்துவிட்டு வந்தவர். அவருக்கு மேலே இரண்டு பேர். உதவியோடு கூடவே வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் எரிக், வரிசை டிஸ்கை ஒருநாளும் எழுத விடக்கூடாது என்பார். மனேச்சருக்கோ நினைத்த நேரம் உள்ளே ஒரு திருத்தம் செய்யவேண்டும். புஷ்பம் அக்கா பார்த்தார், ‘எழுத விடாதே’, ‘எழுத விடு’ இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துத் தட்டினார்.

இப்படி ஒரு ஆள் செய்யும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் டிரைவர் முதற்சொல்லை வாசித்துக் கதவைப் பூட்டும், அடுத்த சொல்லை வாசித்துத் திறக்கும். கடைசியில் நிற்கிற சொல்தான் வெல்லும். அக்கா அதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். எரிக் பக்கத்தில் நின்றால் ‘விடாதே’ கடைசியில், மனேச்சர் நின்றால் ‘விடு’ கடைசியில். இரண்டு பேருக்கும் அக்காவில் நல்ல மதிப்பு. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அண்டைக்கு நான் லீவு, தம்பி.”

அஞ்சு

அடிக்கடி கரண்ட் போகும். ஜெனரேற்றரில் ஓடும்போது டிஸ்க் முழு வேகம் எடுக்கக் கொஞ்சம் சுணங்கும். அதற்காகத்தான் ‘பொறு’ என்ற ஒப்ஷன். பக்கத்தில் எண் போடவேண்டும். என் கெட்டித்தனம், அந்த எண்ணைக் கேர்னலின் மணிக்கூட்டுத் துடிப்பில் வைத்தேன். ஒரு செக்கனுக்கு ஐம்பது துடிப்பு. எனக்கு அது வெளிச்சமான விசயம். ஆகவே வேறொருத்தருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் புஷ்பம் அக்கா வரவில்லை. ஸ்ரோர்கீப்பர் நவரத்தினம் அண்ணை டிஸ்கை ஏற்றினார். ‘பொறு’ போட்டு ‘அஞ்சு’ என்று தட்டிவிட்டு, அஞ்சு நிமிசம் இருக்கிறதே என்று ஆறுதலாய்ப் பிளேன்ரீ குடிக்கப் போனார். திரும்பி வர டிஸ்க் ஏறமாட்டேன் என்று சொல்லிக் கனநேரம். அஞ்சு என்றால் அஞ்சு துடிப்பு, செக்கனில் பத்தில் ஒரு பங்கு என்று நான் விளக்கினேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “காரைநகர் பஸ் அஞ்சிலை வருமெண்டால் அரை மணித்தியாலம். உம்மட மெசின் அஞ்செண்டால் கண் இமைக்கவும் நேரமில்லை. மனிசர் சீவிக்கிறது உது ரெண்டுக்கும் நடுவிலை, ஐசே.”

ப்ளீஸ்

இனி வருவது சிரிக்கிற விசயம் இல்லை. கிழமைக்கு ஒருதரம் டிஸ்கைப் பரிசோதிக்கிற புரோகிராம் ஒன்றை ஓட்டுவோம். எழுத விட்டால் அது டிஸ்கில் எழுதிப் பார்க்கும், விடாவிட்டால் வாசித்து மட்டும் பார்க்கும். வரிசை டிஸ்க் என்றபடியால் ‘எழுத விடாதே’ என்று ஏற்றிவிட்டுத்தான் ஓட்டவேண்டும். அந்தக் கிழமை டிஸ்க் நாலைந்து தரம் ஏற மறுத்தது. டிரைவில் ஏதோ கோளாறு. புஷ்பம் அக்காவுக்கோ வேறு யோசனை. பதினெட்டு வருசக் கடிதப் பழக்கம், பெரிய இடத்தில் கேட்டுக் கிடைக்காவிட்டால் மரியாதையைக் கூட்டவேண்டும். ஒப்ஷன்களுக்கு முன்னால் ‘ப்ளீஸ்’ என்று ஒரு சொல் சேர்த்துத் தட்டினார். டிஸ்க் உடனே ஏறியது. அக்காவுக்கு அப்படியொரு சந்தோசம்.

நடந்தது இதுதான். கோளாறு தானாய்த் தீர்ந்திருந்தது. என் டிரைவர் ‘ப்ளீஸ்’ என்ற சொல்லை வாசித்தது, விளங்கவில்லை. விளங்காத சொல் வந்தால் அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு, எல்லாம் சரி என்று திருப்பிச் சொல்லும்படி எழுதிவைத்திருந்த மடையன் நான். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ‘நீங்கள் சொன்னது விளங்கவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிற சனம் நாங்கள். அதே கூச்சத்தை மெசினுக்குள்ளும் வைத்துவிட்டேன். ‘ப்ளீஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நின்ற ‘எழுத விடாதே’ வாசிக்கப்படவே இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத விடுவதுதான் டிரைவரின் வழக்கம். பரிசோதனைப் புரோகிராம் அறுபத்துமூன்று பேருக்கும் மேலாலே தன் சோதனை எழுத்தை எழுதி, வாசித்து, திருப்தியாய் முடிந்தது. எரிக் நான் எழுதின துண்டை வாங்கி, பென்சிலால் வரிவரியாய் வாசித்துக்கொண்டு போய், ஒரு இடத்தில் நிறுத்தினார். இங்கே வந்து பழகின கொஞ்சத் தமிழில் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: “புஷ்பம் பிழை இல்லை. உன் பிழை.”

கரண்ட் போன கதை

மனேச்சர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். வழக்கமாய் இருத்தமாட்டார். மேலிடத்துச் சட்டம் ஒன்றை எடுத்து வாசித்தார். கரண்ட், புயல், நெருப்பு போன்றவற்றால் பதிவு அழிந்தால், மட்டை வைத்திருப்பவர்களின் இடம் அப்படியே இருக்கும். மட்டை இல்லாதவர்கள் கடைசியில் புதிதாய்ப் பதியவேண்டும். அழிந்தது கந்தோரின், அதாவது எங்கள் அலுவலகத்தின், பிழையால் என்றால் கதை வேறு. கந்தோர் விசாரணை வைத்து ஒவ்வொருவருடைய இடத்தையும் தேடிக் கொடுக்கவேண்டும். விசாரணை என்றால் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள், இடாப்பைக் கொளுத்தின கதையும் வெளியில் வரும்.

மட்டை இல்லாதவர்கள் மொத்தம் பதினொரு பேர். சூசைப்பிள்ளை அண்ணை நாலாம் ஆளாய் இருந்தவர், கடைசிக்குப் போனால் ஐந்து வருசம் கூலி வள்ளம். அது எனக்கு நன்றாய்த் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைத்தேன். பயம், வேறொன்றும் இல்லை. வேலை கிடைத்து ஒன்றரை வருசம், வீட்டில் என் சம்பளத்தை நம்பி இரண்டு தங்கச்சிமார். ‘திடீர் மின்தடையால்’ பதிவு அழிந்தது என்று புஷ்பம் அக்கா வடிவாய் அடித்துத் தந்த கடிதம். மனேச்சர் மை காய ஊதிவிட்டு மடித்தார். “நீர் படிச்ச பிள்ளை. உமக்கு நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை.”

யன்னலடியில்

கடைசிக்குப் போன செய்தி கேட்டு மற்றப் பத்துப் பேரும் வந்து சத்தம் போட்டார்கள். சூசைப்பிள்ளை அண்ணை அன்றைக்கு வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன், நானும் திருப்பி ரெண்டு சொல் சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தோடு காலம் தள்ளியிருப்பேன். மனிசன் ஒரு ஓலைப் பையில் நாலு பாரைக் கருவாட்டைக் கொண்டுவந்து யன்னல் கட்டில் வைத்தார். என் முகம் வாடிப்போய்க் கிடக்கிறதென்று நவரத்தினம் அண்ணை அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

வாங்கமாட்டேன் என்றேன். கேட்கவில்லை. பையை உள்ளே தள்ளிவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். போகும்போது சொன்ன சொல் இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. “நீர் ஏன் தம்பி கவலைப்படுறீர்? கரண்ட் போனதுக்கு நீர் என்ன செய்வீர்?”

முன்னாலே ஆர், பின்னாலே ஆர்

அடுத்த நாள் காலமை மனேச்சரின் அறைக்குப் போய், கரண்ட் போகவில்லை, என் புரோகிராம்தான் பிழை என்று புதுக்கடிதம் ஒன்றை மேசையில் வைத்தேன். ஒரு பிரதி கொழும்புக்குத் தபாலில் போய்விட்டது என்றும் சொன்னேன். அது பொய். சொன்ன பிறகு ஓடிப்போய்த் தபாற்கந்தோரில் போட்டேன். மனேச்சர் என்னை ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது. கொழும்பு ஆட்கள் வந்தார்கள். எரிக் என் பக்கம் நின்றார். கந்தோரின் பிழைதான் என்று முடிவாயிற்று. பிறகும் பெரிய கேள்வி அப்படியே கிடந்தது. வரிசை போய்விட்டதே, மட்டை இல்லாதவனுடைய இடத்தை எப்படித் தேடுவது?

வழி சொன்னது கடற்றொழிலாளரே. எங்கள் கரைகளில் கரைவலை வளைப்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு, இன்றைக்கு இவர், அடுத்தது அவர் என்று. அது எங்கும் எழுதிக்கிடப்பதில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னாலே ஆர், பின்னாலே ஆர் என்ற இரண்டு பேரை மட்டும் மறக்கமாட்டார். வள்ளத்துக்குப் பதிந்த நாட்களிலும் பழக்கதோசத்தில் அதே இரண்டு பேரை மனதில் பிடித்துவைத்திருந்தார்கள். மெசினுக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னது பின்னது என்று இரண்டு குறிப்பு வைத்து, அதைப் பெரிய வித்தை என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் அதை இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு செய்தார்கள். தொழிற்சாலை முற்றத்தில் எல்லாரையும் நிற்கச் சொன்னோம். கால் மணித்தியாலத்தில் வரிசை விழுந்தது. மட்டை வைத்திருந்த ஐம்பத்திரண்டு பேரின் இலக்கங்களைப் பார்த்தோம், ஒன்றுகூடப் பிசகவில்லை.

நாலாவது இடத்தில் சூசைப்பிள்ளை. அவருக்குப் பின்னால் அனலைதீவு அல்பிரட். கொழும்பு ஆள் அல்பிரட்டிடம் வந்து, உமக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் மட்டை இல்லை, அவர் பதிந்ததை நீர் கண்டீரா, வடிவாய் யோசித்துச் சொல்லும் என்றார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அல்பிரட்டுக்கு ஒரு மாதம் முன்னதாக வள்ளம் வரும். கடற்றொழில் திறக்கிற நேரத்தில் ஒரு மாதம் என்றால் சின்ன விசயமில்லை. அவருடைய மனிசியும் மதிலோரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சூசைப்பிள்ளை அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை, நேரே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அல்பிரட் கொழும்பு ஆளை ஏற இறங்கப் பார்த்தார். “இதிலை யோசிக்க என்ன கிடக்கு? எனக்கு முன்னாலை சூசை. எழுதும்.”

வாய் திறந்த டிரைவர்

பிறகு டிரைவரைத் திருத்தி எழுதினேன். முதலில் எல்லாச் சொற்களையும் கடைசிவரை வாசிக்கும். அதற்குமுன் டிஸ்கில் கை வைக்காது. ஒன்றுக்கொன்று எதிரான ஒப்ஷன் வந்தால் மறுக்கும். ‘பொறு’ என்பதை செக்கனில் எண்ணும். விளங்காத சொல் வந்தால், இன்ன சொல் விளங்கவில்லை, ஏற்றமாட்டேன் என்று அந்தச் சொல்லையே திரையில் காட்டும்.

புஷ்பம் அக்காவுக்கு நடந்தது முழுவதையும் நானே சொன்னேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ‘ப்ளீஸ்’ போட்டது அவர் என்பதற்காகக் கோவமில்லை, பொய்க் கடிதத்தைத் தன்னைக் கொண்டு அடிப்பித்தேன் என்பதற்காக. நாலாம் நாள் வந்து கீபோர்ட்டுக்கு முன்னால் இருந்து, வேண்டுமென்றே ‘ப்ளீஸ்’ என்று தட்டினார். மெசின் அந்தச் சொல்லையே திருப்பிக் காட்டி மறுத்தது. அக்கா தலையை ஆட்டினார். “முந்தி ஒண்டும் சொல்லாமல் குடியைக் கெடுத்தது. இப்ப வாய் திறந்து சண்டைக்கு வருது. இதுதான் நல்லம்.”

வள்ளம் இறக்கின நாள்

சூசைப்பிள்ளை அண்ணையின் வள்ளம் தொழில் திறந்து மூன்று கிழமை பிந்தி இறங்கியது. விசாரணையால் வந்த பிந்தல். அந்த மூன்று கிழமையும் அவர் கூலிக்குத்தான் போனார், அதுவும் என் கணக்கில்தான் சேரும். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். அல்பிரட்டும் அனலைதீவிலிருந்து வந்து ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். நான் போவதா விடுவதா என்று இருந்து, கடைசியில் போய், தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிழைதான் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் யன்னலடிக்கு வந்ததில்லை. வழியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

வள்ளம் தண்ணீரில் மிதந்தது. அவர் ஏறிப் போய் அணியத்தில் நின்றார். சுற்றி ஒருக்காப் பார்த்தார், என்னைக் கண்டார். சைக்கிளை விட்டுவிட்டு வா என்று கையைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் காற்சட்டையோடு இறங்கிப் போனேன். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்க, கையை நீட்டி என்னைப் பிடித்து உள்ளே இழுத்தார். “உம்மோடை எனக்குக் கோவம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஏறும், அங்காலை போய் ஏசுறன்.”

எழுவைதீவு தாண்டும்வரை ஏசினார், அத்தனை சொல்லும் எனக்கு விளங்கிற்று.